இண்டைக்குத் தண்ணி தெளிவோ?

ஆட்களைக் கடலுக்கு அடியில் கூட்டிக்கொண்டு போய், ஒன்றையும் காட்டாமல் பத்திரமாகத் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவதுதான் எங்கள் தொழில்.

தொலைக்காட்சியில் நீங்கள் பார்க்கிற நீலக் கடலும் பவளப்பாறையும் ஆமையும் வேறு ஆட்களுடைய தொழில். எனக்கு வாய்த்தது பிரான்சின் வடமேற்கு மூலை, பிரெத்தாஞ் கரை. நடுக்கோடையிலும் தண்ணீர் பல்லைக் கிட்டவைக்கும். நிறம் பச்சை. நல்ல நாளில் ஆறு மீற்றர் தூரம் தெரியும். கெட்ட நாளில் கையில் கட்டியிருக்கிற மணிக்கூட்டைப் பார்ப்பதற்கு அதை முகக்கண்ணாடியில் முட்டவைக்க வேண்டும்.

கிழமை நாட்களில் நான் பரிஸ் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன். வீடு பக்கத்து ஊரான கூசேன்வில்லில். சனி ஞாயிறுகளில் ஒரு சின்னச் சுழியோடிக் கழகத்தில் வழிகாட்டி. நகராட்சி நீச்சல் குளத்தில் என் மகளுக்கு நீச்சல் பழக்கக் கொண்டுபோய், கரையில் சும்மா இருக்க அலுப்புப்பட்டு, பக்கத்தில் நடந்த சுழியோடி வகுப்பில் நானும் இறங்கினேன். மகள் நீச்சலை விட்டு வயலினுக்குப் போய்விட்டாள். நான் இன்னும் தண்ணீருக்குள் நிற்கிறேன். சனிக்கிழமை விடியற்காலையில் பரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில், மெத்ரோப் பாலத்துக்குக் கீழே கழக வானை நிறுத்தி, தமிழ் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவேன். அந்த வானில் ஒருமுறையாவது வந்து, ஈர றப்பர் உடுப்பைக் கழற்ற முடியாமல் காற்றில் நின்று நடுங்கியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வராதவர்கள் தப்பினீர்கள்.

தெரியாது

புதன்கிழமை தொடங்கினால் தொலைபேசி ஓயாது. ஒரே கேள்விதான். "அண்ணை, இந்தச் சனி தண்ணிக்குள்ளை தெரியுமோ?" இதற்கு உண்மையான பதில் ஒரு நீண்ட விரிவுரை. மேற்குக் காற்று அடித்தால் அலை மண்ணைக் கிளப்பும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடலின் ஏற்ற வற்றம் பெரிதாக இருக்கும்; அப்போதும் மண் கிளம்பும். மழை பெய்தால் ஆற்றுச் சேறு வரும். இவை ஒன்றும் இல்லாமல் வெயில் நன்றாக எறித்தால் சந்தோஷப்படக் கூடாது. வசந்தத்து வெயிலுக்குக் கடலில் கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகி, தண்ணீர் பயற்றங்கஞ்சி போல ஆகிவிடும். ஆகவே காற்று, மழை, நிலவு, வெயில் நான்கும் ஒரே நேரத்தில் சும்மா இருக்கவேண்டும்.

இதை முதலில் எல்லோருக்கும் விளக்கினேன். பிறகு களைத்துப்போய் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லப் பழகினேன். லா சப்பலில், ரூ பெர்தொனே தெருவில் நகைக்கடையில் வேலை செய்யும் ஒரு பிள்ளை அதையும் விடவில்லை.

"தண்ணிக்குள்ளை தெரியுமோ அண்ணை?"

"தெரியாது."

"உங்களுக்குத் தெரியாதோ, தண்ணிக்குள்ளை தெரியாதோ?"

"ரெண்டும்தான் பிள்ளை."

அவ உண்மையான அக்கறையோடு கேட்டா: "அப்ப உங்களுக்கு என்னதான் அண்ணை தெரியும்?"

சனி ஞாயிறு எங்கே?

என் மனைவி வாசுகிக்குக் கடல் பிடிக்காது. மீன் பிடிக்கும், கடல் பிடிக்காது. நான் சனிக்கிழமை வெளிக்கிடும்போது போர்வைக்குள் இருந்தபடியே கையை மட்டும் ஆட்டுவா. தேர்த் திருவிழாவுக்கு லா சப்பலின் ரூ பஜோல் தெருவில் சனத்துக்குள் நெரிபட்டுக்கொண்டு நின்றபோது, அவவுக்குத் தெரிந்த ஒரு அம்மா பக்கத்தில் வந்து குசலம் விசாரித்தா. நான் இவர்களுக்குப் பின்னால் மோர்ப் பந்தல் வரிசையில் நின்றதைக் கவனிக்கவில்லை.

"உங்கடை அவரைக் காணக் கிடைக்கிறேல்லை. சனி ஞாயிறிலை கோயில் பக்கமும் வாறேல்லை, என்ன?" என்றா அம்மா.

வாசுகி வழக்கமான சலிப்போடு, "அதை ஏன் அன்ரி கேக்கிறியள்? சனி ஞாயிறெண்டால் அவர் தண்ணிக்குள்ளைதான்" என்றா.

அந்த அம்மா வாசுகியின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னா: "கவலைப்படாதை பிள்ளை, எங்கடையவருக்கு வெள்ளிக்கிழமையே தொடங்கிவிடும்."

தட்டு

எங்கள் படகை ஓட்டுகிறவ நோல்வென் என்ற பிரெத்தாஞ்காரி. கதை குறைவு. தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்க அவவிடம் ஒரு முறை உண்டு. வெள்ளைச் சாப்பாட்டுத் தட்டு ஒன்றில் துளை போட்டுக் கயிறு கட்டி வைத்திருக்கிறா. கயிற்றில் மீற்றருக்கு ஒரு முடிச்சு. தட்டை மெதுவாக இறக்கி, அது கண்ணுக்கு மறைகிற இடத்தில் முடிச்சை எண்ணவேண்டும். சின்னப்பிள்ளையும் செய்யக்கூடிய வேலை.

ஒருநாள் அந்த வேலையை என்னிடம் தந்தா. வானில் வந்த எல்லோரும் படகு விளிம்பில் சூழ்ந்து நின்றார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமை. இரண்டு முடிச்சு, தட்டு தெரிகிறது. நான்கு முடிச்சு, தெரிகிறது. ஆறு, ஏழு, இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது! "எட்டு மீற்றர்!" என்று கத்தினேன். ஆட்கள் கைதட்டினார்கள். ஒருவர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கயிற்றை இழுத்தேன். அது லேசாக வந்தது. நுனியில் முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. தட்டு எப்போதோ அடிக்குப் போயிருக்கிறது. வெள்ளையாகத் தெரிந்தது இன்னும் அந்த இடத்திலேயே நின்று, குடை மாதிரி மெல்லச் சுருங்கி விரிந்து, எங்களை விட்டு நீந்திப் போனது. நோல்வென் அதைப் பார்த்துக்கொண்டே பிரெஞ்சில் சொன்னது தமிழில் இதுதான்: "ரமணன், நீ இவ்வளவு நேரமும் அளந்தது ஒரு சொறிமுட்டையை."

வேறு கண்ணாடி

கார்த்திக் கோயம்புத்தூர்ப் பிள்ளை. இங்கே கணினிக் கம்பனியில் வேலை. அந்தமானில் சுழியோடப் பழகியவர். வானில் வரும் வழி முழுக்கத் தன் கைப்பேசியில் அந்தமான் படங்களைக் காட்டினார். தண்ணீர் இருப்பதே தெரியாத தண்ணீர். மீன்கள் ஆகாயத்தில் பறப்பதுபோல இருந்தன. "அண்ணா, அங்க முப்பது மீட்டர் விசிபிலிட்டி. இங்க எவ்ளோ இருக்கும்?" என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "காத்தைப் பொறுத்தது" என்றேன்.

இறங்கினோம். அவர் உடனே தன் முகக்கண்ணாடியைச் சுட்டிக் காட்டினார், ஆவி பிடித்திருக்கிறது என்று. கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கழுவினார். மறுபடி சுட்டினார். மறுபடி கழுவினார். நான் அவருக்கு ஒரு பாறையைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழுவினார். கடற்பாசிக் காட்டைக் காட்டினேன்; கழுவினார். அன்றைக்கு அவர் கழுவிய கழுவலுக்கு அந்தக் கண்ணாடி இன்னொரு பத்து வருஷம் மின்னும். மேலே வந்ததும் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "அண்ணா, நெக்ஸ்ட் டைம் எனக்கு வேற மாஸ்க் குடுங்க, இதுல கிளாஸ் பச்சையா இருக்கு."

கலியாணப் படம்

லா சப்பலில் கலியாணப் படக்காரர்கள் எல்லோரும் ஏதாவது புதிதாகச் செய்யத் துடித்துக்கொண்டு இருக்கிறார்கள். அதில் ஒருவர் கலியாணத்துக்கு முந்திய படங்களைக் கடலுக்கு அடியில் எடுக்கத் தீர்மானித்து என்னிடம் வந்தார். பொம்பிளையும் மாப்பிள்ளையும் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள். நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் பிரெஞ்சில் பதில் சொன்னார்கள். தண்ணீர் குளிர் என்றேன், "பா க்ராவ்" என்றார்கள். பரவாயில்லையாம். ஒன்றும் தெரியாது என்றேன், அதற்கும் "பா க்ராவ்." பொம்பிளையின் தாய் மட்டும் ஒரு பெட்டி நிறையச் சேலைகளோடு வானில் ஏறி முன் இருக்கையில் இருந்தா.

அலை இல்லாத ஒரு சின்னக் குடாவில், எழும்பி நின்றால் தலை வெளியே வராத அளவு ஆழத்தில் இறங்கினோம். கறுத்த றப்பர் உடுப்புக்கு மேலே சிவப்புச் சேலை, அதற்கு மேலே காற்றுக் குடுவை. படக்காரர் சைகை காட்டினார். மாப்பிள்ளை பொம்பிளையின் கையைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்துச் சேலைத் தலைப்பு மிதந்து வந்து என் குடுவையின் மூடியில் சிக்கியது. நான் அதைக் கழற்றத் திரும்பினேன், இன்னும் சிக்கியது. படக்காரர் இவ்வளவையும் விடாமல் எடுத்துத் தள்ளினார். பொம்பிளை தண்ணீருக்குள் சிரித்ததில் குமிழி குமிழியாகக் காற்று போனது.

கரையில் கமராவைச் சுற்றி நின்று பார்த்தோம். எல்லாப் படமும் பச்சை. சிலதில் இரண்டு நிழல். சிலதில் சிவப்பாக ஏதோ ஒன்று. ஒரே ஒரு படம் துல்லியமாக, கண்ணோரச் சுருக்கம் வரை தெளிவாக வந்திருந்தது: கமராவுக்கு மிகக் கிட்ட, சிவப்புத் தலைப்பு தோளில் சுற்றியபடி, நான். தாய் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னா: "நல்ல வடிவாத்தான் வந்திருக்கு தம்பி, ஆனால் மாப்பிள்ளை நீர் இல்லை எல்லோ?"

நண்டு

ரூ பெர்தொனேயில் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர் மோகன் அண்ணை. அவர் சமைப்பார், அவருடைய மனைவி காசுமேசையில் இருப்பா. அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் சுழியோடி வகுப்பைப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வந்தவர், குளத்தில் பழகி, முதல் சான்றிதழும் எடுத்து, எனக்கு ஒரு நிரந்தர வாடிக்கையாளராகிவிட்டார். நான்கு சனிக்கிழமை தொடர்ந்து வந்தார். நான்கிலும் அவர் கண்டது என்னுடைய காலில் இருந்த மஞ்சள் துடுப்பை மட்டும்.

ஐந்தாவது முறை அதிர்ஷ்டம். பாறை இடுக்கில் சாப்பாட்டுத் தட்டளவு பெரிய சிலந்தி நண்டு ஒன்று, காலெல்லாம் விரித்து, இரண்டு முழத் தூரத்தில் நின்றது. அண்ணையின் கண் விரிந்தது. முதலில் நண்டைச் சுட்டினார். பிறகு இடது கையைச் சட்டி மாதிரிப் பிடித்து, வலது கையால் அதற்குள் ஏதோ தூவி, கிளறி, ருசி பார்த்து, தலையை ஆட்டினார். நான் விரலை ஆட்டி மறுத்தேன். காற்றுக் குடுவையோடு இறங்குகிறவர்கள் இங்கே ஒன்றையும் பிடிக்கக் கூடாது, அது சட்டம். அவர் நம்பவில்லை. இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டுக் காட்டினார். மேலே வந்து சட்டத்தை விளங்கப்படுத்தினேன். அவர் படகு விளிம்பில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்து சொன்னார்: "அஞ்சு சனிக்கிழமைக்கு நீர் காட்டினது ஒரே ஒரு சாமான், அதையும் தொடக் கூடாதெண்டுறீர்."

மேலே வராதவர்

இது சிரிக்கிற கதை இல்லை. ஆனால் நடந்ததை விட்டுவிட்டு எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

அன்றைக்கு என்னோடு இறங்கியது இரண்டு பேர், மோகன் அண்ணையும் கார்த்திக்கும். மேலே மூன்று மீற்றர் தெரிந்தது. பாறை ஓரமாகக் கீழே போகப்போகப் பச்சை தடித்துக்கொண்டு வந்தது. திரும்பலாம் என்று கட்டைவிரலை உயர்த்த நினைத்த நேரம், கார்த்திக்கின் ஒரு துடுப்பு கழன்றது. அதைப் பிடித்து, அவருடைய காலில் மாட்டி, பட்டியை இறுக்கினேன். நிமிர்ந்தேன். பக்கத்தில் நின்ற மோகன் அண்ணையைக் காணவில்லை.

எங்களுக்கு ஒரு விதி இருக்கிறது. ஆளைத் தவறவிட்டால் ஒரு நிமிஷம் சுற்றிப் பார்க்கவேண்டும். காணாவிட்டால் இரண்டு பக்கமும் மேலே வரவேண்டும், மேலே சந்திக்கலாம். இதை அவருக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கார்த்திக்கின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வட்டம் சுற்றினேன். எங்கும் பச்சைச் சுவர். விதிப்படி மேலே வந்தேன். அவர் அங்கே இல்லை.

படகில் நின்ற நோல்வென் எங்கள் இரண்டு தலையையும் பார்த்தா, பிறகு தண்ணீரைப் பார்த்தா. காற்று எழும்பியிருந்தது. குட்டி அலைகளின் நுரைக்குள் ஒருவருடைய மூச்சுக் குமிழியைக் கண்டுபிடிக்க முடியாது. கார்த்திக், "அண்ணா, அவர்கிட்ட ஏர் நிறைய இருந்துச்சு, நான் பார்த்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார், எனக்காகவா தனக்காகவா தெரியாது. எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. அந்தக் கடைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், காசுமேசையில் இருக்கிற அக்காவின் முன்னால் எப்படி நிற்பேன்? முதல் சொல் என்ன சொல்வேன்? கதவில் தொங்குகிற மணிச் சத்தம்கூடக் காதில் கேட்டது. நோல்வென் உதவி கூப்பிட வானொலியைக் கையில் எடுத்துவிட்டா. நான் திரும்பவும் கீழே போகக் காற்றுக் குழாயை வாயில் வைத்தேன்.

அப்போது படகின் மற்றப் பக்கத்தில் இருந்து குரல் கேட்டது. "தம்பி! தம்பி, எங்கை நிக்கிறீர்?"

நான் நீந்திப் போய் அவருடைய தோள் பட்டியைப் பிடித்த பிடியில் அவருக்கு வலித்திருக்கும். என்னைவிட வயதில் மூத்த ஒருவரை நான் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மேலே வரச் சொல்லியிருந்தேனே, ஏன் வரவில்லை, என்ன செய்துகொண்டு நின்றீர்கள் என்று கேட்டேன். அவர் வாயிலிருந்த உப்புத்தண்ணியைத் துப்பிவிட்டு, நான் ஏன் கோபப்படுகிறேன் என்று விளங்காமல் சொன்னார்: "நீர் கீழை எங்கையோ மாட்டுப்பட்டிட்டீரெண்டு தேடிக்கொண்டு நிண்டனான், ஆளை விட்டிட்டு நான் மட்டும் எப்பிடித் தம்பி மேலை வாறது?"

கணவாய்

அதற்குப் பிறகு நான் போகவில்லை. வானின் திறப்புக் கொத்தைக் கழகத்தில் கொடுத்துவிட்டு, முதுகு நோகுது என்று சொன்னேன். மோகன் அண்ணையின் கடைப் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன். சனிக்கிழமைகளில் வீட்டில் இருந்து அலுமாரிகளை அடுக்கினேன். வாசுகியின் மிளகாய்த்தூள் போத்தல்களை உயரப்படி வரிசையாக வைத்தேன். அவ நடந்தது என்ன என்று என்னிடம் கேட்கவில்லை. கடையில் அக்காவிடம் கேட்டு அறிந்திருக்கிறா.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது, "நாளைக்குக் கடலுக்குப் போவம்" என்றா.

"நீரோ?"

"ஓம். என்ரை குசினியை நீங்கள் அடுக்கிறதை இனிமேல் என்னாலை பாத்துக்கொண்டிருக்க ஏலாது."

"உமக்குப் பயமெல்லோ?"

"பயம்தான். அதுக்கு என்ன செய்யிறது? நீங்கள் பக்கத்திலைதானே நிப்பியள்."

அன்று இரவு காற்றுப் படம், ஏற்ற வற்றக் கணக்கு, மழை எல்லாம் பார்த்தேன். எல்லாம் பொருந்தியிருந்தது. மேற்குக் காற்று இல்லை. ஏற்றம் சிறியது. இவ்வளவு காலத்தில் இப்படி ஒரு சனிக்கிழமை வாய்த்ததில்லை. வழி முழுக்க வாசுகிக்குச் சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினேன், இன்றைக்குப் பாரும், கண்ணாடி மாதிரி இருக்கும் என்று. போய் இறங்கினால் கரை முழுக்க வெள்ளைப் புகை மாதிரிக் கடற்புகார். துறையில் நின்று பார்த்தால் கட்டியிருந்த படகே தெரியவில்லை. அதற்குள் இருந்து நோல்வென்னின் சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. படகு வெளிக்கிடாது என்றா. வேண்டுமென்றால் பக்கத்துக் குடாவில் கரையிலிருந்தே இறங்கலாம்.

வாசுகி திரும்பிப் போகச் சொல்லுவா என்று நினைத்தேன். அவ ஏற்கெனவே போட்டுவிட்ட றப்பர் உடுப்பைக் காட்டி, "இதுக்குள்ளை ஒருக்காப் புகுந்தாச்சு. இனிக் கழட்ட ஏலாது, நடவுங்கோ" என்றா.

முதல் முறை இறங்குகிறவர்களின் கையை வழிகாட்டி விடக் கூடாது. நான் அவவின் கையைப் பிடித்தேன். மோகன் அண்ணையைத் தவறவிட்ட நாளின் பயம் முழுக்க என் விரல்களில் இருந்தது. அவவுக்கு அது தெரிந்திருக்கும். இடுப்பு அளவில் நின்று மூச்சுப் பழகினோம். பிறகு மெல்ல மெல்ல உள்ளே. கீழே தண்ணீர், மேலே இருந்த புகாரைவிடக் கொஞ்சம் தெளிவு. இரண்டு மீற்றர் இருக்கலாம். வாசுகியின் கண்கள் முகக்கண்ணாடிக்குள் பெரிதாக, இமைக்காமல் இருந்தன. திருப்பிக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன்.

அப்போது பாசிக்குப் பக்கத்தில் மண் அசைந்தது. மண் இல்லை, கணவாய். முட்டையிடக் கரைக்கு வந்திருக்கிறது. எங்களைக் கண்டு ஓடவில்லை. அதன் முதுகில் வரிக்குதிரை மாதிரி வரிகள் ஓடின, மறைந்தன. பழுப்பாகியது, பிறகு வெளிறியது. விளிம்பு துணிக்கரை மாதிரி அலை அலையாக ஆடியது. வாழ்நாளில் எத்தனையோ கணவாயைத் துப்புரவாக்கிக் கறி வைத்த வாசுகி, அதற்கு முன்னால் முழங்காலில் இருந்தா. அதுவும் அவவைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு சுழியோடி வழிகாட்டி சைகையால் சொல்லக்கூடியது எவ்வளவோ உண்டு. நான் ஒன்றும் காட்டவில்லை. குளிரில் அவவின் உடம்பு நடுங்கத் தொடங்கும் வரை அப்படியே இருந்தோம்.

புகாருக்குள் எழுந்து நின்றோம். அவ குழாயை வாயிலிருந்து எடுத்தா. உதடு நீலம். கை இன்னும் என் கைக்குள்ளேயே இருந்தது. பயந்துபோனாவோ, இனிமேல் போக வேண்டாம் என்று சொல்லுவாவோ என்று அவவின் வாயையே பார்த்தேன். அவ மூச்சு வாங்கி முடித்துச் சொன்னா: "இஞ்சருங்கோ, கலியாணம் கட்டி இவ்வளவு காலத்திலை நீங்கள் இவ்வளவு நேரம் என்ரை கையை விடாமல் பிடிச்சதும் இல்லை, இவ்வளவு நேரம் கதைக்காமல் இருந்ததும் இல்லை."

காசும் கொடுத்து, விடிய எழும்பி, குளிரில் விறைத்து, பாதி நாளும் ஒன்றையும் காணாமல் வீடு திரும்பி, வான் பரிஸ் நகருக்குள் நுழைய முதலே "அடுத்தது எப்ப?" என்று கேட்கிற விசர் ஆட்களை நம்பித்தான் இந்தத் தொழில் ஓடுகிறது, அதில் முதலாவது ஆள் நான், இரண்டாவது ஆள் இப்போது என் வீட்டிலேயே இருக்கிறா.